கூட்டல்பெருக்கலுக்கு ஒரு நாள்

ஜீனி,

நீ போன செய்தி எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் செல்விக்குச் சொல்லியிருக்கிறார்கள். செல்வி எனக்குச் சொன்னாள். செக்கானூரணியிலிருந்து வரும் காலைப் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். போன் வந்தது.

"பேச்சிக்கா, நம்ம ஜீனத்தக்கா போயிருச்சுக்கா."

நான் கேட்ட முதல் வார்த்தை எது தெரியுமா? "ஒனக்கு யாரு சொன்னா?"

"அக்கா மக ரிஸ்வானா போன் போட்டுச்சு."

"உன் நம்பர் இருக்கு, என் நம்பர் இல்லையாக்கும் அந்தப் புள்ளைகிட்ட?"

செல்வி அழ ஆரம்பித்தாள். அவள் அழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். உனக்காகத்தான் அழுதேன். ஆனால் முதலில் வந்தது அழுகை இல்லை, வயிற்றெரிச்சல். அதை மறைத்து எழுதினால் நீ இருக்கிற இடத்திலிருந்தே சிரிப்பாய்.

ஜீனத்தைத் தெரிந்த உங்கள் எல்லாருக்கும்தான் இதை எழுதுகிறேன். நம் முதலாளி, நாற்பதாம் நாளுக்கு அச்சடிக்க நாலு வரி எழுதித் தரச் சொன்னார். செல்வியிடம் கேட்டிருந்தால் நாலு வரியில் முடித்திருப்பாள். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள், எனக்குச் சுருக்கி எழுதத் தெரியாது.

ஜீனத் நெல்பேட்டைக்காரி. செல்லூரில் நம் தையல் கூடத்தில் துணி வெட்டுவது அவள் வேலை. அவள் வெட்டித் தருவாள், நாங்கள் தைப்போம். நாங்கள் தைப்பது கொடி. கப்பல்களுக்கு, ஓட்டல்களுக்கு, பள்ளிக்கூட விழாக்களுக்கு, எந்தெந்த ஊர்களுக்கோ போகும் பல நாட்டுக் கொடிகள். ஜீனத் என்ற பெயரைச் சுருக்கி ஜீனி என்று கூப்பிட்டவள் நான்தான். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் கூப்பிட விட்டதும் இல்லை. அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தபோது என்னைத்தான் திட்டினாள். "பேருல ஜீனியைக் கொட்டிவிட்டவ நீதான்டி. அது ஒடம்புக்குள்ள எறங்கிருச்சு."

எங்களுக்கு நாடுகளின் பெயர் வாயில் நுழையாது. கொடியைப் பார்த்து நாங்களாகவே பெயர் வைத்துக்கொண்டோம். ஜப்பான் என்றால் பொட்டு. கனடா என்றால் இலை. நேபாளம் கோயில் கொடி. குவைத் கொடியில் கம்புப் பக்கம் கறுப்பாக ஒரு கட்டம் இருக்கும், முறத்தைச் சாய்த்து வைத்த மாதிரி; அதனால் அது கறுப்பு முறம். இங்கிலாந்துக்காரன் கொடியில் ஒரு கூட்டல் குறியும் அதன்மேல் ஒரு பெருக்கல் குறியும் கிடக்கும். அது கூட்டல்பெருக்கல்.

ஒரு வருடம் வெளிநாட்டு ஓட்டல் ஒன்றுக்காகப் பெரிய ஆர்டர் வந்தது. கூடத்தில் இருந்த ஒவ்வொருத்திக்கும் ஒரு நாட்டை ஜீனத் பங்கு வைத்தாள். "இனி இதுதான் உன் நாடு. மாப்பிள்ளை மாதிரி. பிடிச்சாலும் பிடிக்காட்டியும் இதுகூடத்தான்" என்றாள். செல்விக்குக் கறுப்பு முறம். எனக்குக் கூட்டல்பெருக்கல். "நம்ம நாடு யாருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். "அது பங்கு போடக் கூடாத சொத்து" என்று சொல்லிவிட்டாள்.

அதோடு விட்டிருந்தால் வம்பு இல்லை. அந்தந்த நாட்டுக்கு என்று ஒரு நாள் உண்டு, அந்த நாளில் அந்த நாட்டுக்காரர்கள் என்னென்னவோ செய்வார்கள் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். போனில் பார்ப்பாள், குவைத்தில் வண்டி ஓட்டும் தம்பியிடம் கேட்பாள், துணி வாங்க வருகிறவர்களைக்கூட விடமாட்டாள். தை மாதம் பிறப்பதற்குள் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைக் கீழே இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு, தாளுக்குத் தாள் மூலையில் பென்சிலால் சின்னதாக எழுதுவாள். எந்த நாடு, யாருடையது, என்ன செய்ய வேண்டும். அந்த நாள் வந்தால் அந்த நாட்டுக்காரிக்கு மல்லிகைப் பூ, ஜன்னலோர நாற்காலி, நாலு மணி டீயில் முதல் கிளாஸ். அதோடு, அந்த நாட்டில் எப்படிக் கொண்டாடுவார்களோ அதில் ஒன்றை நாங்கள் எல்லாரும் செய்ய வேண்டும்.

நார்வே நாட்டில் அன்றைக்குப் பட்டாளம் அணிவகுத்துப் போகாதாம், பிள்ளைகள்தான் கொடி பிடித்துப் போகுமாம். ஐஸ் எவ்வளவு கேட்டாலும் வாங்கித் தருவார்களாம். எங்களுக்கும் அன்று பால் ஐஸ் வந்தது. ஜீனத் மட்டும் தொடவில்லை. குச்சியை மட்டும் வாங்கி முகர்ந்து பார்த்தாள். சுவிட்சர்லாந்தில் மலை மேலெல்லாம் தீ மூட்டுவார்களாம். "நம்ம சொக்கப்பனை மாதிரி" என்று நான் சொன்னேன். தீ மூட்ட வழியில்லை, சுற்றிலும் துணி. முதலாளி கையில் இருந்த தீப்பெட்டியையே பிடுங்கி வைத்துக்கொண்டார். மலை மாதிரி குவித்த சிவப்புத் துணியைச் சுற்றி நின்று கை காய்ச்சினோம். நெதர்லாந்தில் ராஜாவின் பிறந்தநாள்தான் நாட்டுக்கும் நாளாம். எல்லாரும் ஆரஞ்சு உடுத்திக்கொண்டு, வீட்டில் கிடக்கும் பழைய சாமானைத் தெருவில் பரப்பி விற்பார்களாம். நாங்களும் ஆளுக்கொரு பழைய பொருள் கொண்டுவந்து சீட்டுக் குலுக்கி மாற்றிக்கொண்டோம். ஜீனத் தன் பழைய இஞ்ச் டேப்பைக் கொண்டுவந்திருந்தாள். அது எனக்கு வரும் என்று சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். செல்விக்கு விழுந்தது. எனக்கு ஒரு பல் போன சீப்பு.

எல்லாருக்கும் முறை வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் நான் கேட்டேன்.

"ஏ ஜீனி, என் நாடு எப்ப வருது?"

அவள் போனில் தேடினாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி தேடினாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பேச்சி, உன் ஆளுக்கு நாளே இல்லடி!"

"அதெப்படி இல்லாமப் போகும்?"

"ஊர்ல உள்ளவன் அம்புட்டுப் பேரும் அவன்கிட்ட இருந்துல்ல விடுதலை வாங்குனான். அவன் யாருகிட்டப் போயி வாங்குவான்?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்த மாதிரி இருந்தேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குக் காந்திக்கொண்டே வந்தது. உலகத்தில் உள்ள சின்னச் சின்னத் தீவுக்கெல்லாம் நாள் இருக்கிறது. எத்தனை நாட்டைக் கட்டி ஆண்டவன், அவனுக்கு ஒரு நாள் இல்லை. அவன் வேண்டுமானால் அதைத் தாங்குவான். நான் என்ன பாவம் செய்தேன்?

நாட்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். மாட்டேன் என்றாள். "அந்தக் கொடி உன் கைக்குத்தான் அடங்கும். மத்தவளுக தச்சா நொண்டும்" என்றாள். உண்மைதான். பார்ப்பதற்கு நாலு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் அந்தக் கொடி, உண்மையில் அப்படி இல்லை. பெருக்கல் குறியின் சிவப்பு நடுவில் ஓடாமல் கொஞ்சம் ஒதுங்கி ஓடும். கம்புப் பக்கம் அகல வெள்ளை மேலே வர வேண்டும், மறுபக்கம் கீழே. மாற்றித் தைத்தால் கொடி தலைகீழ். நூற்றில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கமாட்டார்கள். ஜீனத் கண்டுபிடிப்பாள். இது பெருமைதான். ஆனால் பெருமைக்கு மல்லிகைப் பூ கிடைக்குமா?

பிப்ரவரி இருபத்தைந்து செல்வியின் நாள். குவைத்தில் அன்று பிள்ளைகள் ரோட்டில் நின்றுகொண்டு போகிற வருகிற வண்டி மேலெல்லாம் தண்ணீர் பீய்ச்சுவார்களாம். ஜீனத்தின் தம்பி சொல்லியிருக்கிறான். "நம்ம அழகர் ஆத்துல எறங்குறப்ப பீச்சுவாங்கள்ல, அப்படி" என்று அவள் சொன்னாள். ஒரு வருடம் செய்த கூத்து உங்களுக்கு நினைவிருக்கும். துணியையெல்லாம் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு, இஸ்திரி மேசையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து ஜீனத் செல்வியைத் துரத்தினாள். செல்வி தலை முழுக்க நனைந்து, பூவோடு, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து டீ குடித்தாள். நான் ஒரு ஓரமாக நின்று பார்த்தேன். என் மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை.

அதனால் அடுத்த வருடம் ஒரு காரியம் செய்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. காலையில் கூடத்துக்கு முதலில் வருகிறவள் நான்தான். என் பேருந்து அப்படி. காலண்டர் தாளைக் கிழிப்பதும் என் வேலைதான். அன்று இருபத்துநாலைக் கிழித்தேன். சேர்த்து இருபத்தைந்தையும் கிழித்தேன். அதை மடித்து என் மெஷின் டிராயரில் போட்டேன். சுவரில் இருபத்தாறு தொங்கியது.

ஜீனத் வந்தாள், காலண்டரைப் பார்த்தாள், நெஞ்சில் கையை வைத்தாள். "ஐயையோ, நேத்தே போயிருச்சா? செல்வி, உன் நாளை விட்டுட்டனேடி!" செல்வியின் முகம் சுருங்கிப் போனது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அரை மணி நேரம்கூட அது நீடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்பதற்காகவோ என்னவோ தம்பிக்குப் போன் போட்டாள். அவன் சொல்வது எங்களுக்கும் கேட்டது.

"என்னக்கா சொல்ற? இன்னைக்குத்தானே இருபத்தஞ்சு! ரோடெல்லாம் கூட்டம். நாளைக்கும் லீவுதான்."

"நாளைக்கு எதுக்கு?"

"இருபத்தாறு இன்னொரு நாள்க்கா. சண்டையில இருந்து மீண்ட நாளு. இங்க ரெண்டு நாளும் கொண்டாட்டம்."

ஜீனத் போனை வைத்தாள். காலண்டரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். என் பக்கம் வந்தபோது கண் ஒரு நொடி நின்றது. அவ்வளவுதான். இடுப்பிலிருந்து பென்சிலை எடுத்து, இருபத்தாறாம் தேதித் தாளின் மூலையில் எழுதினாள். எழுதியதை எல்லாருக்கும் வாசித்தும் காட்டினாள். "குவைத். செல்வி. மறுபடியும் தண்ணி."

பிறகு சொன்னாள்: "எந்தப் புண்ணியவதியோ நாளைக்கு உள்ளதை ஞாபகப்படுத்திவிட்டிருக்கா. நல்லா இருக்கட்டும். ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்கடி. பொறக்காத நாளைத் தொடாதீங்க, ஆயுசு கொறையும்."

இப்படியாக நான் பொறாமைப்பட்டு, செல்விக்கு இரண்டு நாள் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வாரமே கூட்டல்பெருக்கல் ஒன்றைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். தெரியாமல்தான். கோபத்தில் கை போன போக்கு. ஜீனத் வெட்டு மேசையிலிருந்தே பார்த்துவிட்டாள். நேராக வந்து, ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொடியின் ஒரு முனை அவள் மடியில், மறுமுனை என் மடியில். இரண்டு பேருமாகத் தையலைப் பிரித்தோம்.

"கோவத்தைத் துணி மேல காட்டாத பேச்சி. துணி வெளிநாடு போயிரும். கோவம் இங்கனயேதான் கெடக்கும்."

"எனக்கென்ன கோவம்?"

"இல்லையாக்கும். சரி, பிரி."

சாயங்காலம் வரை அவள் வேறு யார் பக்கமும் போகவில்லை. செல்வி இரண்டு முறை கூப்பிட்டாள். "இருடி, வாரேன்" என்றாளே தவிர எழுந்திருக்கவில்லை. என் நாளெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் அந்த மத்தியானம் போல் ஒன்று எனக்கு வாய்த்ததில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை வேண்டுமென்றே தலைகீழாகத் தைத்தேன். இரண்டு முறையும் வந்தாள். "பெருக்கல் வாய்ப்பாடு மறுபடி மறந்துபோச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டூலை இழுத்தாள். அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

நம் நாட்டுக்கு எப்படிக் கொண்டாடுவோம் என்று வெளியாட்கள் கேட்டால் ஜீனத் சொல்லும் பதில் உங்களுக்குத் தெரியும். "தூங்கித்தான்." ஆகஸ்டு பிறந்தால் எங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. காவி, வெள்ளை, பச்சை தவிர வேறு நிறம் கண்ணில் படாது. பதினைந்தாம் தேதி ஊரெல்லாம் கொடி ஏற்றி மிட்டாய் கொடுக்கும்போது கொடி தைத்தவர்கள் காலை நீட்டிப் படுத்திருப்போம். போன வருடம் அன்று காலை எனக்குப் போன் போட்டாள். "முழிச்சிருக்கியா?" "இல்ல." "நானும் இல்ல. சரி, தூங்கு." அதற்காக ஒரு போன். செல்விக்குப் போட்டாளா என்று மறுநாள் விசாரித்தேன். போடவில்லை.

இந்த வருடம் அவள் காலில் புண் வந்தது. ஆறவில்லை. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே மூன்று வாரம் இருந்தாள். ஒரு மத்தியானம் நான் போனபோது செல்வி ஏற்கெனவே தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கால்மாட்டில் நின்றேன். கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். செல்வி தண்ணீர் பிடிக்க வெளியே போன பிறகுதான் பக்கத்தில் போனேன். நோயாளியிடம் நலம் விசாரிக்க வேண்டும். நான் கேட்டது இது:

"ஜீனி, எனக்கும் ஒரு நாள் குடுடி."

"அதெல்லாம் இந்த வருசம் குறிச்சாச்சு."

"நிசமாவா? என்னைக்கு?"

"வந்தாத் தெரியும். புரட்டிப் பாத்துராத."

"என்ன செய்யணும் அன்னைக்கு? அதையாவது சொல்லு."

அவள் சிரித்தாள். சிரிக்கவே மூச்சு வாங்கியது. "அவனுக்கே தெரியாதுடி. நம்மளாத்தான் எதையாச்சும்..."

அதற்குள் செல்வி தண்ணீர்ப் பாட்டிலோடு வந்துவிட்டாள். பேச்சு கஞ்சி பக்கம் திரும்பிவிட்டது. அந்தப் பாட்டிலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நெல்பேட்டை வீட்டுக்கு நாங்கள் போனபோது குளிப்பாட்டி முடித்து, வெள்ளைத் துணி உடுத்தியிருந்தார்கள். எதையாவது செய்ய வேண்டும் போல் கை பரபரத்தது. "நான் தைக்கட்டுமா?" என்று ரிஸ்வானாவிடம் கேட்டுவிட்டேன். "அதுக்குத் தையலே கெடையாது பேச்சிம்மா" என்றது அந்தப் பிள்ளை. காலம் முழுக்க வெட்டியவளுக்கு, கடைசித் துணியில் ஒரு தையல்கூட இல்லை. எனக்குத் தெரிந்தது தையல் மட்டும்தானே, நான் என்ன செய்வேன்? அப்புறம் ரிஸ்வானாவே சொன்னது: "உங்க நம்பரை அம்மா போன்ல தேடுனேன், பேச்சின்னு இல்ல. ஜீனின்னு போட்டு வச்சிருக்கு. அம்மாவோட நம்பராக்கும்னு விட்டுட்டேன்." நான் அவளைக் கூப்பிட்ட பெயரையே எனக்கு வைத்திருக்கிறாள். 

கூடத்துக்குத் திரும்பிய பிறகு செல்வியிடம் கேட்டேன். "என் நாள் எதுன்னு ஒங்கிட்டச் சொன்னாளா?"

"எங்கிட்ட ஏன் சொல்லப் போகுது? எனக்குப் பூவும் தண்ணியும்தான். வெளியாளு யாரு வந்தாலும் உன் கொடியைத்தான் எடுத்து விரிச்சுக் காட்டும். என் முறத்தை ஒரு நாளாச்சும் விரிச்சுக் காட்டியிருக்கா? உன் பக்கத்துல ஸ்டூலைப் போட்டா எந்திரிக்காது. எனக்கு எம்புட்டு எரிஞ்சிருக்கும்னு உனக்குத் தெரியுமாக்கா?"

தெரியாது. இத்தனை வருடம் நான் ஒருத்திதான் எரிந்தேன் என்று நினைத்திருந்தேன். அன்று முதல்முறையாகச் செல்விக்கு என் டீயில் பாதி கொடுத்தேன்.

"புரட்டிப் பாத்துரலாமாக்கா?" என்று காலண்டரிடம் போனாள். கையில் ஒன்று போட்டேன்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியதைச் சொல்லி முடிக்க வேண்டும். டிராயரில் அந்தப் பிப்ரவரித் தாள் இருக்கிறது. அவள் கையெழுத்தில் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். 'குவைத். செல்வி. தண்ணி.' நான் திருடி வைத்ததிலும் செல்வி பெயர்தான். அப்புறம் ஸ்டூல். அதை என் மெஷினுக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன், யாரும் நகர்த்த வேண்டாம். காலையில் முதலில் வந்து தாள் கிழிக்கிற வேலையையும் யாருக்கும் விட்டுக் கொடுக்கமாட்டேன். ஒவ்வொரு நாளும் கிழித்த பிறகு புதுத் தாளின் மூலையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பூ வாங்கத் தயாராகத்தான் வருகிறேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. நீ ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் நான்தான் கிழித்தேன். உன் கட்டுப் போட்ட காலைத் தவிர அப்போது எனக்கு எதுவும் நினைவில் இல்லை, உன்னிடம் கேட்டு வந்த என் நாள்கூட. மூலையைப் பார்க்காமலே கிழித்து, மெஷின் எண்ணெயைத் துடைத்துக் குப்பையில் போட்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு தாள்.

ஜீனி, என் நாள் இன்னும் வர இருக்கிறதா, இல்லை அதில்தான் நான் எண்ணெய் துடைத்துவிட்டேனா?